எடை மேடையில் ஓர் ஓட்டுநர்

ஓட்டுநர் இளையபெருமாள் ஸ்டியரிங்கைத் தொட்டு அன்று நூற்று எழுபத்தொன்பது நாளும் நான்கு மணி நேரமும் ஆகியிருந்தன. இந்த மணிக்கணக்கு என்னுடையதல்ல. உடல் தகுதிக் குழுவின் கோப்பில் அப்படித்தான் இருந்தது. அவரைக் காலை ஆறு பத்துக்கு வண்டியிலிருந்து இறக்கினார்கள். அதனால் குழுவுக்கு ஒரு நாள் என்பது ஆறு பத்துக்குத் தொடங்கி ஆறு பத்துக்கு முடியும். நூற்றெண்பது நாள் தொடர்ந்து வண்டி ஓட்டாதவர் ஓட்டுநர் அல்ல என்பது அவருடைய போக்குவரத்து நிறுவனத்தின் விதி. மறுநாள் காலை ஆறு பத்து முதல் அவர் ஓட்டுநர் அல்ல. அதற்கப்புறம் அவர் என்ன என்று விதியில் சொல்லப்படவில்லை.

அப்போது மணி பத்து பத்து. ஒரு காலி பஸ் எங்கள் எடை மேடையின்மேல் நின்றது. அதை ஓட்டிவந்து நிறுத்திய வேறொரு ஓட்டுநர் இறங்கிப்போய்விட்டார். இளையபெருமாள் ஓட்டுநர் இருக்கையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எடை போடும்போது ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று அவருக்கு எழுத்து மூலம் உத்தரவு இருந்தது.

நான் மலர்க்கொடி. பி.எஸ்ஸி. இயற்பியல். அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில், தர்மராஜ் சாருக்குச் சொந்தமான எடை மேடையில் வேலை. சுண்ணாம்புக்கல் லாரிகள் மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் இருக்கும் பெட்டியில் சிவப்பு எண் வரும். அதை மைக்கில் படித்து, சீட்டு அடித்துக் கொடுப்பேன். எனக்கு ஆட்களோடு பேச வராது. எண் படிப்பது பேசுவதில் சேராது என்பதால் இந்த வேலைக்கு வந்தேன்.

அந்தப் பெட்டிக்கு மேலே, சுவரில் ஒரு தகடு உண்டு. மேடையைச் செய்தவர்கள் பதித்தது. அதில் நான்கு வரி. மூன்றாவது வரியை நான் வேலையில் சேர்ந்த அன்றே நின்று படித்தேன். படித்ததைத் தர்மராஜ் சார் பார்த்துவிட்டார். மறுநாள் தகட்டின்மேல் ஒரு பெரிய தினசரிக் காலண்டர் தொங்கியது.

"மேடை சொல்றத நீ படி. மேடையப் பத்தி நீ ஒண்ணும் சொல்லாத," என்றார். "கல்லு ஏத்துறவன் ஒருத்தன் கேட்டான்னா அத்தன பேரும் கேப்பான். அப்புறம் நீயும் நானும் கதவச் சாத்திக்கிட்டு வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

எனக்கு அது கஷ்டமாக இல்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு எப்போதும் எளிதாக வருவது.

இளையபெருமாளை எனக்கு முன்பே தெரியும். கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் அவர் ஓட்டிய செந்துறை பஸ்ஸில்தான் போய்வந்தேன். எங்கள் ஊருக்கு முறையான நிறுத்தம் கிடையாது. பிரிவு ரோடு வரும்போது "இறங்கணும்" என்று சத்தமாகச் சொன்னால் நிற்கும். முதல் நாள் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். இரண்டாம் நாளும் நடந்தேன். மூன்றாம் நாள் யாரும் சொல்லாமலே பிரிவு ரோட்டில் பஸ் நின்றது. கண்டக்டர் யார் இறங்குவது என்று கேட்டார். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி, "எறங்குவாங்க, பொறு," என்றார். மூன்று வருடம் வாய் திறக்காமல் அங்கே இறங்கினேன்.

ஆறடி உயரம். அந்தக் காலத்தில் பெரிய உடம்பு. அவருக்கு வந்தது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய். போன செப்டம்பரில் ஒருநாள், தளவாய் ஊரைத் தாண்டித் தூக்கத்தில் கண் சொருகிக்கொண்டு வந்ததும் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, இறங்கி, முகம் கழுவி, பத்து நிமிடம் கழித்து எடுத்திருக்கிறார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. விடுப்பு எடுத்துத் திருச்சியில் ஒரு மருத்துவரிடம் போனார். ஒரு ராத்திரி முழுக்க ஒயர் மாட்டிப் படுக்க வைத்து, மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நிற்கிறது என்று எண்ணிச் சொன்னார்கள். அவர் மனைவி அம்மாக்கண்ணு இருபது வருடமாக அதைக் குறட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் இருந்த அம்மாக்கண்ணுவின் தம்பி ஒரு மெஷின் கொண்டுவந்து கொடுத்தார். மூக்கில் முகமூடி மாதிரி மாட்டிக்கொண்டு படுத்தால் அது காற்றை மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும், தொண்டை அடைக்காது. மூன்றாவது வாரத்தில் பகல் தூக்கம் அறவே நின்றுவிட்டது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் நடந்ததை எல்லாம் எழுதி, மருத்துவர் கடிதத்தையும் இணைத்து, நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை ஆறு பத்துக்கு, முதல் நடை கிளம்பும்போது இறக்கினார்கள்.

மருத்துவரின் கடிதத்தில் இரண்டு வாக்கியம். இந்த மெஷினைத் தினமும் பயன்படுத்தினால் இவர் தாராளமாக வண்டி ஓட்டலாம் என்பது முதலாவது. நிதானமாக எடையையும் குறைத்தால் நல்லது என்பது இரண்டாவது. முதல் வாக்கியம் குழுவின் அதிகாரத்தில் தலையிடுகிறது என்று குழு அதை நீக்கியது. இரண்டாவதை நிபந்தனையாக்கியது. உயரத்துக்கான அட்டவணையைப் பார்த்து, அவர் எடை எண்பத்தைந்து முதல் தொண்ணூறு கிலோவுக்குள் வந்தால் ஸ்டியரிங் கொடுக்கலாம் என்று தீர்மானம் போட்டது. தொண்ணூறுக்கு மேல் போனால் நோய். எண்பத்தைந்துக்குக் கீழே போனால் பலவீனம்.

குழுவின் தலைவர் துணை மேலாளர் சாமிதுரை. மருத்துவ உறுப்பினர் ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை செய்யும் டாக்டர். தூக்கத்தைப் பற்றிக் கேட்டபோது அவர், கண் திறந்திருக்கும் வரைக்கும்தான் தன் பொறுப்பு, மூடிவிட்டால் அது வேறு துறை என்று சொன்னதாகக் கோப்பில் இருக்கிறது. மூன்றாவது உறுப்பினர் கடைசிவரை நியமிக்கப்படவில்லை. ஆனால் குழு எங்கே போனாலும் அவருக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்வார்கள். எங்கள் மேடை ஓரத்திலும் போட்டோம்.

குழு எங்கள் மேடைக்கு வந்த கதையை இளையபெருமாள்தான் சொன்னார். எடை நாளன்று குழு வருவதற்கு எப்போதும் ஒரு மணி நேரம் தாமதமாகும். அவர் என் அறை ஜன்னலுக்கு வெளியே நிற்பார். முதல் நாள் பார்த்ததுமே, "பிரிவு ரோடு பாப்பாதானே?" என்றார். நான் தலையாட்டினேன். அதற்கப்புறம் அவர் பேசுவார். நான் கேட்பேன். யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி சொல்வார்.

எடை போட அரசு முத்திரை உள்ள கருவி வேண்டும், அது மாவட்ட எல்லைக்குள் இருக்க வேண்டும் என்றது குழு. அப்போது அரியலூர் தனி மாவட்டமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மருத்துவமனை ஒன்றில் இருந்த எடைக்கருவியின் முத்திரை பழைய மாவட்டத்துடையது. திருச்சி மருத்துவரின் கருவி வேறு மாவட்டம். பருத்தி மண்டியில் ஒரு தராசு, முத்திரை எல்லாம் சரி. ஆனால் அது பருத்திக்கான முத்திரை. ஆளை ஏற்றினால் செல்லாது.

கடைசியில் எங்கள் மேடைக்கு வந்தார்கள். இதன் முத்திரைச் சான்றில் 'வாகனங்கள்' என்று இருந்தது. டாக்டர், மனிதன் வாகனம் ஆவானா என்று கேட்டிருக்கிறார். சாமிதுரை கொஞ்சம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"மனுசன் ஆவ மாட்டான். டிரைவர் ஆவான். டிரைவர் சீட்டுல உக்காந்துட்டா அவன் வண்டியில ஒரு பார்ட்டு."

முறை இதுதான். காலி பஸ்ஸில் இளையபெருமாளை உட்காரவைத்து ஒரு எடை. அவரை இறக்கிவிட்டு ஒரு எடை. கழித்தால் வருவது அவர். முதல் தடவை எட்டாயிரத்து எழுநூற்று அறுபது. அவர் இறங்கியதும் எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. நிகர எடை நூற்றிருபது என்று மைக்கில் படித்தேன். வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முந்தின நாள் திருச்சியில் பார்த்தபோது நூற்றுப் பதினான்கு இருந்ததே என்றார் இளையபெருமாள். திருச்சி என்பது வெளிமாவட்டம் என்று குழு நினைவூட்டியது.

சீட்டு அடிக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. 'சரக்கு' என்ற இடத்தை நிரப்பாமல் கணினி அடுத்த இடத்துக்குப் போகாது. அதில் இருந்த பட்டியல் சுண்ணாம்புக்கல், சிமெண்ட், நிலக்கரி, கரும்பு, இதர. நான் இதரவை அழுத்தினேன். சாமிதுரை சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நாளைக்குத் தணிக்கையில் இதர என்றால் என்னவென்று கேட்பார்கள், ஓர் ஊழியரை இதர என்று எழுதுவது மரியாதையும் இல்லை என்றார். குழு பத்து நிமிடம் கூடிப் பேசியது. அதிலிருந்து எல்லாச் சீட்டிலும் இளையபெருமாள் சிமெண்ட்.

பதினான்கு நாளுக்கு ஒரு தடவை வருவார்கள். அடுத்த எடைக்கு நாள் குறிக்க என் அறைக்குள் வந்து, சுவரில் தொங்கிய காலண்டரில்தான் ராகுகாலம் பார்ப்பார்கள். சாமிதுரை தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். காலண்டர் அட்டை அசையும். தர்மராஜ் சார் வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கீழே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் தடவை நூற்றிருபது. மூன்றாம் தடவையும் நூற்றிருபது. திருச்சியில் அவர் நூற்றுப்பத்துக்கு வந்திருந்தார். ராத்திரிச் சோற்றை நிறுத்தியிருந்தார். காலையில் செந்துறை ரோட்டில் ஆறு கிலோமீட்டர் நடந்தார். ஒரு கிராம்கூடக் குறையாத அலட்சியத்துக்கு விளக்கம் கேட்டுக் குழு குறிப்பாணை கொடுத்தது. அதற்கு அவர் எழுதிய பதிலில், பேன்ட்டை இரண்டு தடவை பிடித்துத் தைத்த விவரத்தைச் சொல்லி, தையல்காரர் கையெழுத்தும் வாங்கி இணைத்திருந்தார். தையல்காரருக்கு முத்திரை இல்லை என்று பதில் வந்தது.

நான்காவது தடவை நூறு வந்தது. பதினான்கு நாளில் இருபது கிலோ.

சாமிதுரை எழுந்து நின்று கைதட்டினார். டாக்டரும் தட்டினார். குழுவின் கண்டிப்பால் விளைந்த பலன் என்று எல்லாப் பணிமனைகளுக்கும் சுற்றறிக்கை போனது. இளையபெருமாளைப் பெரம்பலூரில் நூறு ஓட்டுநர்கள் முன்னால் மேடையேற்றினார்கள். சாமிதுரை அங்கே பேசியதை இளையபெருமாள் எனக்கு அப்படியே சொல்லிக்காட்டினார்.

"நம்ம நிறுவனத்துல தூக்க நோய் உள்ள டிரைவர் ஒரே ஒருத்தர்தான். ஏன்னா, அதச் சொன்னவர் ஒரே ஒருத்தர்தான். மத்த எல்லாரும் ஆரோக்கியமா இருக்கீங்க. அப்படியே இருங்க. இவரப் பாருங்க. சொன்னாரு, எறக்கிட்டோம். இந்த நேர்மைக்கு நிறுவனம் என்னிக்கும் மரியாத குடுக்கும்."

கூட்டம் முடிந்ததும் பின்வரிசை ஓட்டுநர் ஒருவர் இளையபெருமாளின் தோளைத் தட்டி, "எனக்கும் அதேதாண்ணே, தூங்கித் தூங்கி விழறேன். நல்லவேள நான் சொல்லல," என்றாராம். அதைச் சொல்லிவிட்டு இளையபெருமாள் சிரித்தார். அப்புறம் அந்த ஓட்டுநர் எந்தத் தடத்தில் ஓட்டுகிறார் என்று சொன்னார். சிரிக்கவில்லை.

ஐந்தாவது தடவை மறுபடியும் நூற்றிருபது.

மைக்கில் படித்தபோது எனக்கே குரல் இறங்கிப்போனது. சாமிதுரை மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடி படித்தேன். சுற்றறிக்கை போய்ப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. பதினான்கு நாளில் இருபது கிலோ எங்கே, யாருடன், என்ன சாப்பிட்டார் என்று விசாரணை. குழு செந்துறைக்குப் போய் அவர் வீட்டில் அரிசி டிரம்மைத் திறந்து பார்த்தது. அம்மாக்கண்ணு மோர் கொடுத்தார். குடித்துவிட்டு, வீட்டில் மோர் இருந்ததாகக் குறித்துக்கொண்டார்கள். அப்போதுதான் மெஷினை முதல்முதலாகக் கண்ணால் பார்த்தார்கள்.

அதுவரை குழு மெஷினைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் யோசித்திருந்தது. பஸ்ஸில் இதை எங்கே செருகுவது என்று. ஸ்டியரிங் பக்கம் பிளக் வைக்க முடியுமா என்று பணிமனைக்குக் கடிதம் போயிருந்தது. முடியும், ஆனால் வீட்டு மின்சாரத்தில் ஓடுவதால் பஸ் புறப்பட்டதும் ஒயர் பத்தவில்லை என்று பணிமனை பதில் எழுதியிருந்தது. ஓட்டும்போது போடுவதில்லை, படுக்கும்போது போடுவது என்று இளையபெருமாள் விளக்கியதும் குழு அதிர்ந்தது. தூங்கும் ஓட்டுநரைக் குணப்படுத்த அவர் தூங்க வேண்டுமா என்று கேட்டது.

வீட்டில் மெஷினைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். டாக்டர் முகமூடியில் கையை வைத்துப் பார்த்தார். காற்று வந்தது.

"ராத்திரி பூரா இப்படி உள்ள போயிக்கிட்டே இருக்குமா?"

"ஆமாங்க."

டாக்டரும் சாமிதுரையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபது கிலோ எங்கிருந்து வந்தது என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. எடை போடுவதற்கு முந்தின மூன்று ராத்திரியும் அவர் மெஷின் போடக் கூடாது என்று அடுத்த நாளே உத்தரவு வந்தது. உள்ளே தங்கிய காற்று வெளியேற அவகாசம்.

ஒரு லிட்டர் காற்றின் எடை ஒன்றே கால் கிராம்கூட வராது. உள்ளே போவது வெளியே வந்துவிடும். இது பள்ளிக்கூடப் பாடம். ஜன்னல் வழியாக அந்த உத்தரவை அவர் எனக்குக் காட்டினார். படித்துத் திருப்பிக் கொடுத்தேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். நான் படித்தவள், ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். காலண்டரில் அன்று கரிநாள் என்று போட்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று ராத்திரி மெஷின் இல்லாமல் படுத்தால் பழைய நோய் முழுதாகத் திரும்பி வந்துவிடும். ஆறாவது எடைக்கு வந்தபோது கண் சிவந்து கிடந்தது. மேடையில், ஓட்டுநர் இருக்கையில், எடை நிலைபெறும் அரை நிமிடத்துக்குள் தலை ஸ்டியரிங்மேல் சாய்ந்துவிட்டது. எடை நூறு. அதோடு கோப்பில் இரண்டு வரி சேர்ந்தது. பணி நேரத்தில் ஓட்டுநர் இருக்கையில் தூங்கினார். தடையை மீறி ஸ்டியரிங்கைத் தொட்டார், நெற்றியால்.

நெற்றியால் தொட்டது தொடுவதில் சேருமா, சேர்ந்தால் நூற்றெண்பது நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்குமா என்று நிறுவனத்தின் சட்டப் பிரிவிடம் கருத்துக் கேட்டார்கள். இளையபெருமாளுக்கு அதில் ஒரு வாரம் நம்பிக்கை இருந்தது. தூக்கத்தில் தொட்டது தொடுதல் ஆகாது, ஆனால் ஒழுங்கீனம் ஆகும் என்று கருத்து வந்தது.

ஏழு, எட்டு, ஒன்பது. மூன்று தடவையும் நூறு. திருச்சிச் சீட்டில் அவர் தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றொன்று என்று இறங்கிக்கொண்டே போனார். சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. முன்பு பஸ் கண்ணாடியில் முழுவதையும் அடைத்திருந்த முகம் சுருங்கி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. ஒன்பதாவது தடவை காத்திருக்கும்போது, வீட்டில் அம்மாக்கண்ணு அழுவதாகச் சொன்னார். குறைக்கச் சொல்லி முதலில் அவர்தான் பிடிவாதமாக இருந்தாராம். இப்போது தட்டை முன்னால் வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்கிறாராம்.

"வேற வேல தரேன்றாங்க பாப்பா. டிக்கெட் மூட்ட எண்ணுற வேல. எனக்கு இருபத்திரண்டு வருசமா ரோடுதான் தெரியும். எந்த எடத்துல யாரு நிப்பாங்கன்னு தெரியும். அத எங்க போயி எண்ணுறது?"

நான் வாய் திறந்தேன். மேடையின் ஓரத்தில் தர்மராஜ் சார் ஒரு லாரி முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே இருந்தவர் காத்திருந்துவிட்டு, "சரி, நீ வேலயப் பாரு," என்றார்.

அன்று ராகுகாலம் பார்க்கும்போது சாமிதுரையே என்னிடம் கேட்டார். ஒன்பது தடவையில் அவர் என்னை ஒரு கேள்வி கேட்டது அப்போதுதான். மேடை சரியாக இருக்கிறதா என்று கேட்டார். நான் தர்மராஜ் சாரைப் பார்த்தேன்.

"நல்லா இருக்குங்க சார்," என்றார் அவர். "கல்லு லாரி ஒரு நாளைக்கு அறுபது ஏறுது. ஒருத்தன் கொற சொன்னதில்ல."

சாமிதுரைக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. தங்களிடமும் யாரும் குறை சொன்னதில்லை என்றார்.

பத்தாவது தடவை அன்றுதான். நூற்று எழுபத்தொன்பது நாளும் நான்கு மணி நேரமும். அரியலூர் மறுபடி பெரம்பலூரோடு சேரப்போகிறது என்று செய்தி வந்திருந்தது. குழுவே இருக்குமா என்று தெரியாது. சாமிதுரை அவசரமாக இருந்தார். மாவட்டம் போவதற்குள் கோப்பை முடித்துவிட வேண்டும் என்று பேனாவைத் திறந்து கையிலேயே வைத்திருந்தார். மூன்றாவது நாற்காலியும் போட்டாயிற்று. மேடைக்குப் பின்னால் பதினேழு லாரிகள் வரிசையில் நின்றன. டாக்டருக்குத் தர்மராஜ் சார் இளநீர் வெட்டச் சொன்னார்.

இளையபெருமாள் இரண்டு நாளாகத் தண்ணீரைத் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. மூன்று ராத்திரியாக மெஷின் இல்லை. தூங்கிவிடக் கூடாது என்பதற்காகக் கட்டைவிரல் நகத்தால் சுட்டுவிரலை அழுத்திக்கொண்டே இருந்தார். அறையிலிருந்து எனக்கு அது தெரிந்தது. திருச்சிச் சீட்டு சட்டைப்பையில் இருந்தது. எண்பத்தெட்டு.

எட்டாயிரத்து எழுநூறு. அவர் இறங்கினார். எட்டாயிரத்து அறுநூற்று இருபது. மைக்கில் படித்தேன். நிகர எடை எண்பது.

அவருக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. கீழே வந்துவிட்டது என்று முதலில் முகம் மலர்ந்தது. டாக்டர் அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். சாமிதுரை நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"என்னய்யா, இப்படி ஒரேயடியா எறங்கிட்டீங்க. எண்பத்தஞ்சு வரைக்கும்தான் நாங்க அனுமதிச்சது. பலவீனமான ஆள்கிட்ட அறுவது உசுர எப்படிக் குடுக்கறது?"

இளையபெருமாள் திருச்சிச் சீட்டை நீட்டினார். வெளிமாவட்டம். அப்போது டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. ஐந்து கிலோதானே குறைகிறது, சாப்பிட வைத்துப் பார்க்கலாம் என்றார். விதியில் தடை இல்லை. எதிர் ஓட்டலிலிருந்து பன்னிரண்டு இட்லி வந்தது. இரண்டு நாள் பட்டினி கிடந்தவர், மேடைமேல் நின்ற பஸ்ஸில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, லாரிக்காரர்கள் எல்லாரும் பார்க்க, பன்னிரண்டு இட்லியையும் தின்றார். பத்தாவது இட்லிக்கு மேல் இறங்கவில்லை. தண்ணீர் குடித்துத் தள்ளினார். ஓர் இளநீரும் குடிக்கச் சொன்னார்கள். குடித்தார். கழுத்து நரம்பு தெரிந்தது.

எட்டாயிரத்து எழுநூற்று இருபது. கழித்தால் நூறு.

பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்தார். டாக்டர் காலி இலையைப் பார்த்தார். ஒரு வேளைச் சாப்பாட்டில் இருபது கிலோ என்று சாமிதுரை மெதுவாகச் சொன்னார். அப்புறம் குரல் மாறியது. குழு இதுவரை ஏமாற்றப்பட்டிருக்கிறது என்றார். இந்த மாதிரி உடம்பை எந்த நிறுவனமும் நம்ப முடியாது, காலையில் ஓர் எடை, சாப்பிட்டால் ஓர் எடை, இதை நம்பி அறுபது பேரை எப்படி ஏற்றுவது என்றார். நிரந்தரத் தகுதியின்மை என்று எழுதுவதற்குத் தாளை நேராக வைத்துக்கொண்டார்.

இளையபெருமாள் பஸ் ஜன்னல் வழியாகக் கேட்டார். சண்டை போடவில்லை. வழி கேட்பது மாதிரி கேட்டார்.

"சார், தொண்ணூறுன்னு ஒரே ஒரு தடவ வந்துட்டா போதும்ங்களா?"

"போதும்யா. எண்பத்தஞ்சுலேர்ந்து தொண்ணூறுக்குள்ள எது வந்தாலும் சரி. கையெழுத்துப் போடத்தான் பேனாவத் தொறந்து வெச்சிருக்கேன். நாங்க என்ன ஒங்களுக்கு எதிரியா?"

"அப்ப இன்னும் கொஞ்சம் நேரம் உக்காந்திருக்கேன் சார். வரும்."

சொல்லிவிட்டு என் அறைப் பக்கம் பார்த்தார். முன்பு பஸ் கண்ணாடியில் பார்த்த மாதிரிதான் பார்த்தார். நான் எங்கே இறங்குவேன் என்று அப்போது அவருக்குத் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை. கண் சொருகிக்கொண்டு வந்தது. விரலை அழுத்திக்கொண்டார்.

நான் எழுந்து காலண்டரைக் கழற்றினேன். ஆணிக்குக் கீழே தகட்டின் மூன்றாவது வரி தெரிந்தது. கண்ணாடிக்கு வெளியே தர்மராஜ் சார் இளநீர்க்காரருக்குப் பக்கத்திலிருந்து திரும்பினார். என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அறையை நோக்கி நடக்க ஆரம்பித்தார். சாமிதுரை எழுதத் தொடங்கியிருந்தார்.

நேரில் போய்ச் சொல்ல என்னால் முடியாது. மைக்கைப் போட்டேன். என் குரல் மேடைக்கும், நாற்காலிகளுக்கும், வரிசையில் நின்ற பதினேழு லாரிகளுக்கும் கேட்டது.

"மேடையில் இருப்பவர்கள் கவனிக்கவும். இந்த மேடை இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும். எண்பதுக்கு அடுத்து இதில் நூறுதான். தொண்ணூறு வராது சார். அவர் எத்தனை வருடம் உட்கார்ந்திருந்தாலும் வராது."